கறையான் இல்லாத புற்று

குச்சி,
9 மே 1965, ஞாயிற்றுக்கிழமை.

காரைக்காலில் வாசம் செய்பவரும், ஓய்வுபெற்ற இயற்கை விஞ்ஞான ஆசிரியரும், என் மனைவிக்கு ஒரே தமையனுமாகிய மைத்துனர் சேஷாசலம் அவர்களுக்கு, சைகோனுக்கு வடமேற்கே குச்சிக் கிராமத்தில் பசு வளர்த்துப் பிழைக்கும் ரத்தினசபாபதி இரண்டு கையும் கூப்பி எழுதிக்கொண்டது. இங்கே நான், தங்கள் தங்கை தனக்கொடி, பசு நான்கு, கன்று ஒன்று, எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். சௌக்கியம் என்று எழுதுவதுதான் மரியாதை. ஆனால் சைகோன் துறைமுகத்துத் துவானில், அதாவது சுங்க ஆபீசில், இருபத்தாறு வருஷம் வந்த சரக்கை வந்தபடி எழுதிப் பழகிய கை இது, பொய் எழுத வராது. தாங்களும் வீட்டம்மாளும் சௌக்கியமாக இருக்கிறீர்கள் என்று நானே எழுதிக்கொள்கிறேன், ஏனென்றால் தங்கள் கடிதங்களில் அந்த விவரம் மட்டும் இருப்பதில்லை.

தங்கள் இயற்கை மன்றத்துக்காகத் தாங்கள் அனுப்பிய அச்சடித்த படிவம் மார்ச்சிலேயே கிடைத்தது. 'கடல் கடந்த நம்மவர் கண்ட கோடைக்காலப் பறவைகள், பூச்சிகள்' என்று தலைப்புப் போட்டு, பெயர், இடம், மணி, எண்ணிக்கை, என்ன செய்துகொண்டிருந்தது என்று ஐந்து கட்டம். பிரெஞ்சுக்காரன் மூட்டை கட்டிக்கொண்டு போனதிலிருந்து பதினோரு வருஷமாக நான் ஒரு படிவத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன், தங்கள் தங்கை சிரித்தாள். அதே உறையில் தாங்கள் வைத்திருந்த இன்னொரு காகிதத்தையும் படித்தேன். சண்டை முற்றிக்கொண்டு வருகிறது, மே இருபதாம் தேதிக் கப்பலில் புறப்பட்டு வந்துவிடுங்கள், வீட்டின் பின்கட்டுக்கு வெள்ளையடித்து வைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். வரலாம் என்று நான் எப்போதோ முடிவு கட்டிவிட்டேன். தங்கள் தங்கை வரமாட்டேன் என்கிறாள். பிள்ளை கலியபெருமாள் திரும்பி வரும்போது வீடு பூட்டியிருந்தால் எங்கே போவான் என்பது அவள் கேள்வி.

அந்த விஷயம் தங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் எழுதுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஹொக் மோன் சந்தைக்குப் பால் கொண்டு போனான். பத்தொன்பது வயது. மத்தியானம் போல் சைக்கிள் மட்டும் வாசலில் சாத்தியிருந்தது. பால் கேன் காலி, கழுவி வைத்திருந்தது. கொண்டுவந்து சாத்தியவரை யாரும் பார்க்கவில்லை. சர்க்கார் பக்கம் போய்க் கேட்டால், சர்க்காரை எதிர்த்துக் காட்டிலிருந்து சண்டை போடுகிற காட்டுக்காரர்கள் பிடித்துக்கொண்டு போயிருப்பார்கள் என்கிறார்கள். காட்டுக்காரர்களிடம் போய்க் கேட்கலாம் என்றால் அவர்களுக்கு ஆபீஸ் கிடையாது. அவன் இனி இல்லை என்று என் மனசு ஒரு பக்கம் எழுதி முடித்துவிட்டது, மச்சான். அவள் மனசு எழுதவில்லை. ஆகையால் அவளைக் கப்பலில் ஏற்றுவதும் தங்கள் படிவத்தை நிரப்புவதும் ஒரே வேலையாகிவிட்டன. எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் சில்வண்டு. எண்ணிக்கைக் கட்டத்தில் 'முடியாது' என்று எழுதியிருக்கிறேன், மன்னிக்கவும். ஏப்ரல் மாதம் இங்கே மரத்துக்கு மரம் சில்வண்டு. பகல் பத்து மணிக்கு ஆரம்பித்தால் தனக்கொடி அடுப்படியிலிருந்து என்னைத் திட்டுவது காதில் விழாது. அந்த வகையில் உபகாரமான பூச்சி என்றே குறித்திருக்கிறேன். எட்டாம் தேதி பதினொன்றே கால் மணிக்கு அத்தனையும் ஒரே நொடியில் வாயை மூடின. ஒன்று முந்தி ஒன்று பிந்தி என்பதெல்லாம் இல்லை, யாரோ கையைக் காட்டி நிறுத்தியது போல நின்றது. காது இரண்டும் அடைத்துக்கொண்டது. நான் செவிடாகிவிட்டேன் என்று பயந்து "தனக்கொடி!" என்று கத்தினேன். "எதுக்குக் கத்துறீங்க, இங்கதான நிக்கிறேன்" என்று பக்கத்திலிருந்து சொன்னாள். இரண்டு பேரும் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இலை அசையவில்லை. பசுக்கள் வாயில் இருந்த புல்லை மெல்லாமல் நின்றன. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், சரியாகப் பதினோரு நிமிஷம் கழித்து வடக்கே ஹெலிகாப்டர் சத்தம் வந்தது. அதற்குப் பிறகு நான்கு தடவை இதே போல், பத்து நிமிஷம், பதினோரு நிமிஷம். பூச்சிகளுக்கு யார் முன்கூட்டித் தந்தி கொடுக்கிறார்கள் என்று விஞ்ஞானம் படித்த தாங்கள்தான் சொல்ல வேண்டும். எனக்கு ஒன்று மட்டும் தெரியும், சத்தத்தைவிட அந்தப் பத்து நிமிஷம் தாங்க முடியவில்லை.

மைனா மார்ச் கடைசியில் நாற்பது இருந்தது. ஏப்ரல் முதல் வாரம் பன்னிரண்டு. அப்புறம் ஒன்றே ஒன்று, அது வேலிக் கம்பில் உட்கார்ந்துகொண்டு ஒரு காலை முழுக்க எங்கள் வீட்டையே பார்த்தது. மறுநாள் அதுவும் இல்லை. புறா, கரிச்சான், வாலாட்டி, எல்லாம் இப்படியே. தங்கள் படிவத்தில் வந்த பறவைக்குக் கட்டம் இருக்கிறது, போன பறவைக்கு இல்லை. துவானில் இப்படி ஒரு படிவம் அச்சடித்திருந்தால் மேலதிகாரி தூக்கி எறிந்திருப்பார். ஓரத்தில் நானே கோடு போட்டு ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன். அது நிரம்பி வழிகிறது.

நான் பென்சிலும் கையுமாக நிற்பதைப் பார்த்துவிட்டுப் பா நாம் ஒரு நாள் விசாரித்தாள். பா நாம் எங்களுக்குப் புல் அறுத்துப் போடும் கிழவி. இந்த ஊரில் பிள்ளைகளைப் பிறந்த வரிசை எண்ணைச் சொல்லியே கூப்பிடுவார்கள், பா நாம் என்றால் ஐந்தாம் நம்பர் அம்மாள், பதிவேட்டுக்கு வெகு வசதியான வழக்கம். "என்னய்யா எழுதுறீங்க?" என்று இந்த ஊர்ப் பாஷையில் கேட்டாள். பறவை எண்ணுகிறேன் என்றேன். அரிவாளைக் கீழே வைத்தாள். படிவத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள், அவளுக்குத் தமிழும் தெரியாது, எழுத்தும் தெரியாது. "பூச்சி நின்னா நீங்க உள்ள போயிடுங்க. எண்ணிக்கிட்டு நிக்காதீங்க. இங்க எண்ணுறவங்கள யாருக்கும் பிடிக்காது" என்று சொல்லிவிட்டு, ஒன்றுமே சொல்லாதவள் மாதிரி புல் அறுக்கப் போய்விட்டாள். அன்று முதல் பென்சிலை மடியில் ஒளித்துவைத்துக்கொண்டு எண்ணுகிறேன்.

இனிச் செம்போத்து. தினமும் காலை ஆறே காலுக்கு மூங்கில் பக்கத்திலிருந்து கூப், கூப், கூப் என்று மூன்று, கொஞ்சம் விட்டு இரண்டு. வேறு பறவையே இல்லாத தோட்டத்தில் இது மட்டும் ஏன் இருக்கிறது என்று எனக்கு முதலில் சந்தோஷம்தான். ஜோடியில் ஒன்று கூவினால் பதில் எங்கேயாவது மரத்திலிருந்து வர வேண்டும் இல்லையா? பதில் வந்தது, என் காலுக்குக் கீழே இருந்து. மூன்று, கொஞ்சம் விட்டு இரண்டு. தரையில் படுத்துக் காதை வைத்துக் கேட்டேன். தங்கள் தங்கை பால் செம்போடு வந்து பார்த்துவிட்டு, "மயக்கம் கியக்கம் வந்துருச்சா?" என்றாள். செம்போத்து மண்ணுக்குள்ளே கூவுகிறது என்றேன். "காலைல ஒண்ணும் சாப்பிடாம வெயில்ல நிக்கிறீங்கல்ல" என்று சொல்லி எழுப்பி உட்கார வைத்தாள். இடம் என்கிற கட்டத்தில் 'தரைக்குக் கீழே' என்று எழுதியிருக்கிறேன். மன்றத்தில் இதைப் படித்துக் காட்டினால் என் பெயரைச் சொல்ல வேண்டாம்.

கொக்கு ஆறு, மாட்டின் பின்னால் உண்ணி பொறுக்கி நடக்கிற கொக்கு. கோமதி என்கிற சிவப்புப் பசு மேய்ந்துகொண்டு போகும், பின்னால் இந்த ஆறும் வரிசையாகப் போகும். மாமரத்துக்கும் மூங்கிலுக்கும் நடுவில் ஒரு பாய் விரிக்கிற அளவு இடம், அங்கேதான் புல் நன்றாக இருக்கிறது, அங்கே வந்ததும் கோமதி சுற்றிக்கொண்டு போகிறது, கொக்கு ஆறும் சுற்றிக்கொண்டு போகின்றன. ஒரு தரம் நான் அதன் மேல் நடந்து பார்த்தேன். மரப்பெட்டியின் மேல் கால் வைத்த மாதிரி சத்தம் வந்தது. அன்றிலிருந்து ஆறு கொக்குக்கும் பின்னால் ஏழாவதாக நானும் சுற்றிக்கொண்டுதான் போகிறேன்.

அந்தப் பாய் அளவு இடத்துக்குப் பத்தடி தள்ளித்தான் புற்று. மார்ச் இருபதாம் தேதி வரை அங்கே ஒன்றும் இல்லை, என் கண் சாட்சி. நாலே நாளில் முழங்கால் உயரம் எழும்பியிருந்தது. தனக்கொடி பார்த்தாள், அப்படியே நின்றாள், மறுநாளே பஸ் பிடித்துச் சைகோனுக்குப் போய், பென் தான் சந்தைக்குப் பக்கத்து மாரியம்மன் கோயில் பூசாரியிடம் சொல்லியிருக்கிறாள். அவர் என்ன சொல்வார்? நாகம் தானே தேடி வந்திருக்கிறது, ஒரு மண்டலம் பால் வை, போன பிள்ளை திரும்புவான் என்றார். மஞ்சள், குங்குமம், கற்பூரக் கட்டியோடு வந்து இறங்கினாள். மார்ச் இருபத்தாறு வெள்ளிக்கிழமை ஆரம்பம், நாற்பத்தெட்டாம் நாள் வருகிற பன்னிரண்டாம் தேதி. தினம் ஒரு செம்பு பால், இரண்டு முட்டை. மறுநாள் காலையில் பாலும் இருப்பதில்லை, முட்டையும் இருப்பதில்லை, ஓடுகூட இருப்பதில்லை.

பூச்சிப் பட்டியலில் கறையானைச் சேர்க்கலாம் என்று நான் பூதக்கண்ணாடியோடு போய் அந்தப் புற்றைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஒரு கறையான் இல்லை. மண் இருக்கிறது, மேடு இருக்கிறது, துவாரம் இருக்கிறது, கட்டிய பூச்சி இல்லை. "பாம்பு குடியேறினா கறையான் காலி பண்ணிட்டுப் போயிரும்" என்றாள் தங்கள் தங்கை. குனிந்து துவாரத்தில் பார்த்தேன், என் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது. துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன், மறுபடியும் படிந்தது. உள்ளேயிருந்து வெதுவெதுப்பாகக் காற்று வருகிறது, மச்சான். அதில் சோறு வேகிற வாசனை. அதோடு நுவோக் மாம், இந்த ஊர்க்காரர்கள் எல்லாவற்றிலும் ஊற்றிக்கொள்வார்களே, அந்த மீன் சாறு. நாகராஜா மீன் சாப்பிடுவாரா என்று கேட்டேன். "இந்த ஊரு நாகங்க அது. இந்த ஊரு சாப்பாடுதான சாப்பிடும்?" என்றாள். தாங்கள் அண்ணன், இதற்குப் பதில் முடிந்தால் சொல்லுங்கள். பத்தாம் நாள் அவள் கற்பூரத்தைத் துவாரத்தின் வாயிலேயே வைத்துக் கொளுத்தினாள். உள்ளே இருமல் கேட்டது. "சீறுது பாருங்க" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் ஆபீசில் இருபத்தாறு வருஷம் இருமல் கேட்டவன், இருமலுக்கும் சீறலுக்கும் வித்தியாசம் தெரியாதா? ஒருவர் இருமவில்லை. இரண்டு பேர். கொஞ்ச நேரம் கழித்து, இன்னும் கீழே, வெகு தூரத்தில், மூன்றாவதாக ஒருவர்.

இந்த மண்ணில் இருபது வருஷமாகச் சண்டை. ஜப்பான்காரன், பிரெஞ்சுக்காரன், ஊர்க்காரன் என்று யார் யாரையோ எங்கெங்கோ குழி தோண்டிப் போட்டிருக்கிறார்கள், பதிவேடு கிடையாது. அவர்கள்தான் எழுந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. செத்தவர்கள் சோறு பொங்குவார்களா என்று தாங்கள் கேட்பீர்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரு பறவை கத்தாத தோட்டத்தில், கால் வைத்தால் பெட்டி மாதிரி சத்தம் போடுகிற மண்ணில் நின்றுகொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். எனக்கு அதைவிட மோசமான பயம் ஒன்று இருந்தது. அந்தக் கூட்டத்தில் கலியனும் இருக்கிறானோ என்று பயம். தனக்கொடியிடம் இது வரை சொல்லவில்லை.

ஏப்ரல் இருபத்தொன்பதாம் தேதி, முப்பத்தைந்தாம் நாள் பூசை முடிந்த நேரம், சர்க்கார் சிப்பாய்கள் எட்டுப் பேர் ஒரு லெப்டினண்டோடு தோட்டத்துக்குள் வந்தார்கள். லெப்டினண்ட் சின்ன வயசு, பிரெஞ்சு பேசினான், ஐயா என்பது போல முசே என்றுதான் கூப்பிட்டான். என் மடியில் கை விட்டுத் தங்கள் படிவத்தை எடுத்தான். மணி, இடம், எண்ணிக்கை என்று பத்தி பத்தியாக எழுதியிருக்கிறது, மொழி தெரியாவிட்டாலும் இலக்கம் தெரியுமே, இது என்ன என்றான். காரைக்காலில் என் மைத்துனர் ஓர் ஆசிரியர், அவருக்காகப் பறவை எண்ணுகிறேன் என்றேன். அவன் தலையைத் தூக்கி மரங்களைப் பார்த்தான். வேலியைப் பார்த்தான். வெகு நேரம் காது கொடுத்துக் கேட்டான். "எந்தப் பறவை, முசே?" என்றான். தங்களால் அன்றைக்கே என்னைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டிருப்பார்கள். அதற்குள் சிப்பாய்களில் ஒருவன் புற்றின் மேல் பூட்ஸ் காலை வைத்துக் மண்ணைக் குத்திப் பார்க்கிற கம்பியை ஓங்கினான்.

அடுப்படியிலிருந்து தனக்கொடி கரண்டியோடு ஓடிவந்தாள். "டேய்! செருப்பக் கழட்டுடா! கோயில்ல யாருடா செருப்போட நிக்கிறது? ஒன்னப் பெத்தவ இதத்தான் சொல்லிக் குடுத்தாளா?" என்று காரைக்கால் தெருவில் நிற்கிற மாதிரி கத்தினாள். அவனுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் காலை எடுத்துவிட்டான். லெப்டினண்ட் குங்குமத்தைப் பார்த்தான், பூவைப் பார்த்தான், பால் செம்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். காணாமல் போன பிள்ளைக்காக நாகத்துக்குப் பூசை செய்கிறாள் என்று பிரெஞ்சில் சொன்னேன். இரும்புத் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். ஊதுவத்தி இருக்கிறதா என்று கேட்டான், கொடுத்தேன், மூன்று பற்றவைத்து நட்டான். "என் அம்மாவும் இப்படித்தான், முசே" என்று சொல்லிப் படிவத்தை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனான். நான் போய்க் குனிந்து பார்த்தேன். கண்ணாடியில் ஆவி படியவில்லை. அன்று முழுக்கப் புற்று மூச்சு விடவில்லை. மாலையில் பா நாம் ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கொண்டுவந்து தனக்கொடி கையில் வைத்தாள், இடுப்பு வளையக் கும்பிட்டாள், காரணம் சொல்லாமலே போய்விட்டாள். நாங்கள் அவளுக்குப் பழம் கொடுத்ததுண்டு, அவள் எங்களுக்குக் கொடுத்தது இதுதான் முதல் தரம்.

இனி எழுதப் போவதைத் தங்கள் தங்கைக்கு வாசித்துக் காட்டும்போது தாண்டிவிடுவேன். தாங்களும் அவளிடம் என்றைக்கும் சொல்லக் கூடாது. மே முதல் தேதி அமாவாசை. அவள் கோயிலுக்குப் போயிருந்தாள். போனவர்கள் பெயரைச் சொல்லி வைத்த சோற்றைக் காக்கை எடுத்தால் அவர்களே வந்து சாப்பிட்ட மாதிரி என்பது நம் வழக்கம். இரண்டு வருஷமாகக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன கேள்வியைக் காக்கையிடமே கேட்டுவிடலாம் என்று, உயிரோடு இருக்கிறானோ இல்லையோ தெரியாத பிள்ளையின் பெயரைச் சொல்லி, பெற்ற அப்பன் நான், மாமரத்தடியில் இலை போட்டுச் சோறு வைத்தேன். எந்தத் தகப்பனும் செய்யக் கூடாத காரியம். கா கா என்று கூப்பிட்டேன். இந்தப் பக்கம் காக்கையே அரிது. ஒரு மணி நேரம் நின்றேன். காக்கை வரவில்லை, ஈகூட வரவில்லை, இந்தக் கோடை முழுவதும் பறவை வராததற்காக நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு மணி நேரம்தான். தண்ணீர் குடிக்க வீட்டுக்குள் போனேன். இரண்டு நிமிஷம் இருக்கும். திரும்பி வந்தால் இலையில் ஒரு பருக்கை இல்லை. சுற்றிலும் யாரும் இல்லை. இலை இரண்டாக மடித்திருந்தது. சாவு வீட்டில் எதிர்ப்பக்கம் மடிப்போமே, அப்படி இல்லை, கல்யாண வீட்டில் வயிறு நிறையச் சாப்பிட்டவர்கள் தங்கள் பக்கமாக மடிப்பது போல.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். என் பிள்ளை போய்விட்டான், வந்து சாப்பிட்டுவிட்டு, நிறைவாகத்தான் போனேன் என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போனான் என்று அழுதேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு படிவத்தை எடுத்தேன், பழக்கம் விடுமா? பெயர், தெரியவில்லை. எண்ணிக்கை, ஒன்று. என்ன செய்துகொண்டிருந்தது, சாப்பிட்டு இலையை மடித்தது.

ஆகவே என் வேண்டுகோள் இது. இந்த மண் நாம் இருக்கத் தக்கதில்லை. பூசை பன்னிரண்டாம் தேதி முடிகிறது, கப்பல் இருபதாம் தேதி. நடுவில் எட்டு நாள். தங்களுக்கு உடம்பு மிகவும் மோசம், தங்கையைப் பார்க்காமல் கண் மூடாது என்று ஒரு தந்தி அடியுங்கள். அண்ணன் என்றால் அவள் ஓடி வருவாள். தங்களுக்கு ஒன்றும் ஆகாது, வந்ததும் இருவருமாகச் சேர்ந்து என்னைத் திட்டிக்கொள்ளலாம். கலியன் விஷயத்தைக் கப்பலில், கரை மறைந்த பிறகு, நான் அவளிடம் சொல்லிக்கொள்கிறேன். செட்டியார் கடைக் கரியமாணிக்கம் நாளை விமானத்தில் ஊருக்குப் போகிறார், இதைத் தங்கள் கையிலேயே கொடுப்பார்.

தங்கள் வீட்டில் விளக்கும் அடுப்பும் குறைவில்லாமல் எரியட்டும், தங்கள் மரங்களில் பறவைகள் நிறையக் கத்தட்டும். பெரியவர்களுக்கு என் வணக்கமும் சிறியவர்களுக்கு என் ஆசியும் சேர்க.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்,
ரத்தினசபாபதி

பின்குறிப்பு: அதே ஞாயிற்றுக்கிழமை, விளக்கு வைத்த நேரம். கடிதத்தை ஒட்டுவதற்கு முன் வழக்கம் போலத் தனக்கொடிக்கு வாசித்துக் காட்டினேன். வாழைப்பழம் வந்ததும் நேரே தந்திக்கு வந்தேன், தந்தி என்று சொல்லாமல் தங்களுக்கு ஆசீர்வாதம் என்று மாற்றிப் படித்தேன். "நில்லுங்க. வாய் நின்ன எடத்துலேருந்து கண்ணு ரெண்டு பத்தி கீழ எறங்கிருச்சு. நடுவுல என்ன?" என்றாள். முப்பது வருஷம் குடித்தனம் செய்தவளிடம் மறைக்க முடியுமா, படித்தேன். மார்பில் அடித்துக்கொள்வாள், என்னை அடிப்பாள் என்று காத்திருந்தேன். "எலைய எந்தப் பக்கம் மடிச்சிருந்துச்சு?" என்றாள். தன் பக்கம் என்றேன். "செத்தவன் எதுக்குங்க எலைய மடிக்கிறான்? பாதி சோத்துல எந்திரிச்சு ஓடுற பயல, முதுகுல ரெண்டு வச்சு நான் பழக்குனதுங்க அது" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். பால் எடுக்கவில்லை, கற்பூரம் எடுக்கவில்லை. புற்றுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிற மாதிரி, "டேய் கலியா" என்று கூப்பிட்டாள். ஒன்றும் இல்லை. இன்னொரு தரம் கூப்பிட்டாள்.

அதற்கு மேல் எழுதக் கூடாது என்று உத்தரவு. யார் உத்தரவு என்றும் எழுதக் கூடாது. இந்தக் கடிதத்தைக் கிழித்துப்போடுகிறேன் என்றேன், அண்ணனுக்குத் தெரியாமல் நான் எதையும் வைத்துக்கொண்டதில்லை என்று தங்கள் தங்கை விடவில்லை. ஆகையால் மேலே உள்ளதெல்லாம் வெயிலில் மூளை கலங்கிய ஒருவன் எழுதியது என்று கொள்ளவும். எங்கள் தோட்டத்தில் புற்று இல்லை. காட்டிலிருந்து எங்கள் மாமரம் வரை மண்ணுக்கடியில் ஆட்கள் தவழ்ந்து போக யாரும் வழி வெட்டவில்லை. அவர்கள் மூச்சு விட வைத்த துவாரத்துக்குத்தான் நாற்பத்தைந்து நாளாகப் பூசை நடக்கிறது என்பது பொய். ஒரு செம்பு பாலை ஏழு பேர் பங்கு போட்டுக் குடிக்கவில்லை. துவாரத்தை எங்கே வைப்பது என்ற பேச்சு வந்தபோது, தினமும் அம்மா அப்பாவைத் திட்டுகிற சத்தம் கேட்க வேண்டும், இங்கேதான் வைக்க வேண்டும் என்று யாரும் யாரிடமும் கெஞ்சவில்லை. உள்ளே யாரும் இல்லை. அந்த இல்லாதவன் மெலிந்து போயிருக்கிறான் என்று குரலிலேயே தெரிகிறது. அவன் தலையைத் தடவிப் பார்க்க அவள் கையை விட்டாள், தோள் வரை மண்ணில் புதைந்தும் ஒரு விரல்தான் எட்டியது. அந்த விரலை எடுக்காமல் அவள் இன்னும் அங்கேதான் படுத்திருக்கிறாள், நான் விளக்கைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

தந்தி வேண்டாம். நாங்கள் வரவில்லை, பின்கட்டை யாருக்காவது வாடகைக்கு விட்டுவிடுங்கள். படிவத்தைக் கொளுத்திவிட்டேன், இந்தக் கடிதத்தையும் படித்ததும் அடுப்பில் போடுங்கள், கோப்பில் சேர்க்காதீர்கள், தங்கள் குணம் எனக்குத் தெரியும். இல்லாதவன் மாமாவுக்கு நமஸ்காரம் சொல்லச் சொன்னான். காலில் விழுந்து சொல்ல அங்கே இடம் போதவில்லையாம், மன்னிக்கச் சொன்னான்.